மாலைமாற்றும் கம்பிக்கோலமும்

விழா மலருக்குப் பழைய மாணவர் ஒருவர் எழுதப் புகுந்தால், தம் காலத்து ஆசிரியப் பெருமக்களையும் விளையாட்டுப் போட்டிகளையும் நினைவுகூர்வது வழக்கம். மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபொழுது நானும் அவ்வாறே தொடங்கி நான்கு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தபொழுது, அவை எனக்கும் என் வகுப்புத் தோழர் பதின்மருக்கும் மட்டுமே சுவைக்கும் என்பது தெரிந்தது. ஆதலின் அவற்றை ஒதுக்கிவிட்டு, இன்று கணினி கற்கும் மாணவருக்குப் பயன்படக்கூடிய பாடமொன்றை எழுத முற்படுகின்றேன். இப்பாடம் எந்த வகுப்பறையிலும் நடந்ததன்று. மட்டக்குளியில், களனி கங்கை கடலொடு கலக்கும் இடத்திற்கு அண்மையில், எங்கள் தொடர்மாடி வீட்டின் மூன்றாம் மாடியில் நடந்தது.

என் தங்கையின் மகன் கணினி விஞ்ஞானம் பயிலும் மாணவன். வெள்ளவத்தையிலுள்ள தன் வீட்டிலிருந்து வார இறுதியில் எங்களிடம் வருவான். அவனிடத்தே இரண்டு பழக்கங்கள் உண்டு. சொற்களைத் தலைகீழாக்கி விளையாடுவது ஒன்று. சித்திரக் கொப்பி நிறையக் கோடுகள் இழுப்பது மற்றொன்று. அவனுடைய தாயார் இவ்விரண்டையும் வீண்பொழுது என்று கருதினார். இறுதியாண்டுச் செயற்றிட்டத்திற்கு இவற்றிலிருந்து ஒரு பொருளை எடுக்கலாமா என்று அவன் கேட்டபொழுது, அறிவுரை கூறவேண்டிய ஒருவர், “கடைக்குக் கணக்கு வைக்கும் செய்நிரல் எழுது, தொழில் கிடைக்கும்” என்று கூறி அனுப்பிவிட்டாராம். ஒரு சனிக்கிழமை மாலை, சித்திரக் கொப்பியைப் பழைய கடதாசிக் கட்டோடு சேர்த்து எறிவதற்கு அவன் வைத்திருந்ததைக் கண்டேன். அதனை எடுத்து வைத்துக்கொண்டு, “முதலிற் சொல் விளையாட்டைப் பார்ப்போம், பிறகு எறியலாம்” என்றேன். அவ்வாறு தொடங்கியதே இப்பாடம்.

மாலைமாற்று என்பது யாதென நம் கல்லூரி மாணவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலிலிருந்து படித்தாலும் ஈற்றிலிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமையும் சொல் அல்லது செய்யுள் அது. ‘விகடகவி’ யாவரும் அறிந்த சொல். திருஞானசம்பந்த சுவாமிகள் சீகாழியின்மீது பாடிய திருமாலைமாற்றுப் பதிகம், மூன்றாந் திருமுறையில் உள்ளது. பதினொரு பாடல்களும் இவ்வாறே அமைந்தவை. மருமகன் ஒரு சிறு செய்நிரல் எழுதியிருந்தான். ஒரு தொடரைக் கொடுத்தால், அதனைத் திருப்பி, முன்னதோடு ஒப்பிட்டு, மாலைமாற்று ஆம் அல்லது அன்று என்று சொல்லும். பைதன் மொழியில் இரண்டே வரிகள். ஆங்கிலச் சொற்கள் பலவற்றிற் சோதித்தான். விடைகள் சரியாக வந்தன. பின்னர் ‘விகடகவி’ என்று எழுதிக் கொடுத்தான். ‘அன்று’ என்றது கணினி. சம்பந்தர் பதிகத்தின் முதற் பாடலைக் கொடுத்தான். அதற்கும் ‘அன்று’ என்றே சொல்லிற்று.

பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த என் தாயாருக்குச் சினம் வந்துவிட்டது. “சம்பந்தப் பிள்ளையார் பாடினது பிழையோ, உன்ர பெட்டி பிழையோ?” என்று கேட்டார். பெட்டியும் பிழையன்று, பதிகமும் பிழையன்று. இரண்டிற்குமிடையே ‘எழுத்து’ என்னுஞ் சொல்லின் பொருள் வேறுபட்டுக் கிடந்தது. இதுவே பாடத்தின் முதற் பகுதி.

கணினிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் யுனிகோட் முறையின் முதற் பதிப்பு 1991-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் தமிழுக்கென 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. நமக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள். 128 இடத்தில் 247 எழுத்தை எவ்வாறு வைப்பது? எல்லாவற்றையும் வைக்கவில்லை. ‘அ’ 2949, ‘க’ 2965, ‘ம’ 2990. ‘மா’ என்பதற்குத் தனி எண் இல்லை. ‘ம’ என்னும் 2990-க்குப் பின் காலுக்குரிய 3006 வரும். இரண்டும் சேர்ந்து திரையில் ‘மா’ ஆகத் தோன்றும். ‘ம்’ என்பதும் அவ்வாறே: 2990-க்குப் பின் புள்ளிக்குரிய 3021.

ஆகவே ‘அம்மா’ என்பது நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு 2949, 2990, 3021, 2990, 3006 என ஐந்தெண். ‘மட்டக்குளி’ நமக்கு ஆறெழுத்து, கணினிக்குப் பத்து. விகடகவியைக் கணினி திருப்பும்பொழுது எழுத்தைத் திருப்பவில்லை, எண்ணைத் திருப்பிற்று. ஈற்றிலுள்ள ‘வி’ என்பதன் விசிறி முதலில் வந்து, பற்றிக்கொள்ள மெய்யின்றி அந்தரத்தில் நின்றது. வகரம் விசிறியை இழந்து அடுத்த இடத்தில் வந்தது. பிறகு எங்ஙனம் ஒப்பும்?

இவ்விடத்தில் ஒன்றை நிறுத்திக் கவனிக்க வேண்டும். நம் இலக்கணப்படி ‘க்’ என்னும் மெய்யே அடிப்படை. அதனோடு அகரஞ் சேர்ந்தால் ‘க’ ஆகும். யுனிகோட்டில் ‘க’ அடிப்படை. அதனோடு புள்ளி சேர்ந்தால் ‘க்’ ஆகும். இலக்கணம் கூட்டுகின்ற இடத்திற் கணினி கழிக்கின்றது எனலாம். இந்திய மொழிகளுக்கென இந்தியாவில் 1988-இல் வகுக்கப்பட்ட குறியீட்டு முறையைப் பின்பற்றி யுனிகோட்டின் இந்தியப் பகுதிகள் அமைக்கப்பட்டதால் நேர்ந்த விளைவு இது. அம்முறை எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே அமைப்பை வகுத்திருந்தது. எழுதும் வடிவத்தை நோக்கினால் அதுவும் பிழையன்று; கையால் எழுதுகின்றவரும் ககரத்தை எழுதியே புள்ளி இடுகின்றனர். ஆயினும், எழுத்தொவ்வொன்றுக்கும் தனியெண் வேண்டும் என்று வாதிட்டவர் தமிழ்நாட்டிற் பலர். 247 எழுத்துக்கும் இடமளிக்கும் மற்றொரு குறியீட்டு முறையையும் 2010-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு யுனிகோட்டுடன் சேர்த்து ஏற்றது. உலகம் யுனிகோட்டையே கையாளுகின்றது. ஆதலின் மாணவர் அதனோடு பழகுவதே தகும் என்பது என் கருத்து.

பழகுவதற்கு வழி எளிது. 3006 முதல் 3021 வரையுள்ள எண் ஒன்று வந்தால், அது தனியெழுத்தன்று. முன்னுள்ளதோடு சேர்த்துக் கட்டு. வேறெந்த எண் வந்தாலும் புதிய எழுத்துத் தொடங்கு. இவ்வாறு முதலிற் கட்டுகளாகப் பிரித்துக்கொண்டு, அக்கட்டுகளைத் திருப்பினால் ‘விகடகவி’ விகடகவியாகவே வரும். சொற்களுக்கிடையேயுள்ள வெற்றிடங்களை நீக்கிவிடவேண்டும். மருமகன் ஆறு வரி சேர்த்தான். பதிகம் முழுவதையும் கொடுத்தான். பதினொரு முறை ‘ஆம்’ என்றது. தாயார் திருநீற்றுக் குட்டானை எடுத்துப் பூசிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இதனோடு முடிந்ததென்று மாணவர் எண்ணற்க. ‘கொ’ என்பதை ஒற்றைக்கொம்பு, கால் என்னும் இரண்டு குறிகளாகவும் எழுதலாம். இரண்டும் சேர்ந்த ஒரே குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எண்ணுக்கு அவை வேறு. பெயர்ப்பட்டியலில் ‘கொழும்பு’ என்று தேடும்பொழுது, அது கண்முன் இருக்க ‘இல்லை’ என்று கணினி சொல்வதற்கு இது ஒரு காரணம். ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவத்திற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ‘க்ஷ’ போன்ற கிரந்தக் கூட்டெழுத்துக்கு நம் விதி தவறும். அதனைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கடைக் கணக்கு எழுதுகின்றவனும் வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் எழுத நேர்ந்தால், இவையனைத்தையும் அறியாமல் ஓரடி நகர முடியாது.

விசைச்சொற்கள் தமிழிலேயே அமைந்த செய்நிரல் மொழியும் உண்டு. முத்து அண்ணாமலை என்பவர் ‘எழில்’ என்னும் பெயரால் அதனை அமைத்து, 2009-இல் அதைப்பற்றி ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். சிறுவருக்குத் தருக்கம் பழக்க அது ஏற்றது. பைதனோ எழிலோ, எழுத்தைக் கட்டும் விதி ஒன்றேயாகும்.

இனிச் சித்திரக் கொப்பிக்கு வருகின்றேன். இதுவே எனக்கு உவப்பான பகுதியாதலாற் சற்று விரித்தெழுதுவதைப் படிப்போர் பொறுத்தருள்க.

தைப்பொங்கலன்று எங்கள் தொடர்மாடியில் முற்றம் இல்லை. மூன்றாம் மாடியின் நடைவழியில், அயலவர் கால்படாத இடமாகப் பார்த்து, என் தாயார் அரிசிமாவினாற் கோலம் போடுவார். கடற்காற்று மாவை அள்ளிச் செல்லும். அவ்வாண்டு அவர் போட்டது ஐந்து புள்ளிக் கோலம்: மேலே ஒன்று, நடுவில் மூன்று, கீழே ஒன்று. கை எடுக்காமல் ஒரே கம்பியாக ஐந்தையும் சுற்றி, தொடங்கிய இடத்திலேயே முடித்தார். இதனைக் கம்பிக்கோலம் என்றும் சிக்குக்கோலம் என்றும் சொல்வர். மருமகனுடைய கொப்பியைப் புரட்டினேன். அதே கோலம் பன்னிரண்டு பக்கங்களில், பன்னிரண்டு வகையாகத் தவறாக வரையப்பட்டிருந்தது. கண்ணாற் பார்த்து வரைந்திருக்கிறான், விதியைக் காணவில்லை.

கோலத்திற்கு விதி உண்டு என்பதையும், அவ்விதி மொழிக்குரிய இலக்கணத்தை ஒத்தது என்பதையும் உலக ஆய்வாளர் முன் வைத்தவர்கள் நம்மவரே. சென்னைக்கு அண்மையில், தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணி, அவர் துணைவியார் இராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகிய மூவரும் 1974-ஆம் ஆண்டில் கோலத்தையும் அணி இலக்கணங்களையும் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். நோம் சோம்ஸ்கி 1956-இல் மொழிகளின் இலக்கணத்தைக் கணித விதிகளாக வகுத்துக் காட்டியிருந்தார்: ஒரு குறியை எடு, அதற்குப் பதிலாக வேறு குறிகளை வை, மீண்டும் அவ்வாறே செய். சொற்களுக்காக வகுத்த அம்முறையைப் படங்களுக்கு விரித்தால் என்ன என்று ஆராய்ந்தவர்களுக்கு, வீட்டு வாசலிலேயே எடுத்துக்காட்டு இருந்தது. இராணி சிரோமணி (1929–2019) கணினிக் கோட்பாட்டு ஆராய்ச்சியில் உலகறிந்தவராய் விளங்கினார்.

கிப்ட் சிரோமணியைப் பற்றி மேலும் சில சொற்கள் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1932-இற் பிறந்து 1988-இல் மறைந்த இவர், தொழிலாற் புள்ளிவிபரவியற் பேராசிரியர். அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கணினி தானே இனங்காணும் முறையைப் பற்றி 1978-இல் மற்றிருவருடன் கட்டுரை எழுதினார். கல்வெட்டெழுத்தின் வளர்ச்சியை ஆராய்ந்தார். திருக்குறளைப் பண்டை எழுத்துவடிவங்களிற் கணினியின் துணைகொண்டு அமைத்து 1980-இல் நூலாக்கினார். மாமல்லபுரச் சிற்பங்களின் அளவுகளையும் ஆராய்ந்தார். இவற்றுள் எது தொழில், எது பொழுதுபோக்கு என்று பிரிக்க முயன்று நான் தோற்றேன். மருமகனிடம் இவ்வரலாற்றைச் சொன்னபொழுது அவன் ஒன்றும் பேசவில்லை. கொப்பியை மட்டும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

அடுத்து விதிக்கு வருவோம். கணினித் திரையில் ‘ஆமை’ ஒன்று இருப்பதாக எண்ணிக்கொள்க. சேமூர் பப்பர்ட் முதலியோர் 1967-இற் சிறுவருக்கென ஆக்கிய லோகோ மொழியாற் புகழ்பெற்றது இவ்வாமை, பைதனிலும் உண்டு. அதற்கு ‘மு’ என்றால் முன்னே ஓரடி கோடிழுத்துச் செல்லும். ‘வ’ என்றால் நின்ற இடத்திலேயே வலப்புறம் நேர்கோணம் திரும்பும். இவற்றுடன் ‘வி’ என்று மூன்றாவது குறி. அது விதை, ஆமைக்கு அதனால் ஒரு வேலையும் இல்லை. ஆனால் விதை முளைக்கும். ஒவ்வொரு தலைமுறையிலும், ஒவ்வொரு விதையும் பின்வருமாறு மாறும்:

வி → வி மு வி வ வி மு வி

தொடக்கம்: வி வ வி

முதற் தலைமுறையில் இரண்டு விதைகளும் முளைக்கின்றன. முளைத்த தொடரில் விதைகளை நீக்கிவிட்டு ஆமைக்குரியதை மட்டும் படித்தால், ‘மு வ மு வ மு வ மு’ என்று வரும். நாலடி, இடையே மூன்று திருப்பம்: ஒரு சதுரம். அதனுள்ளே ஒரு புள்ளி வைக்கலாம்.

இரண்டாந் தலைமுறையில் ‘மு வ மு மு மு வ மு’ என்னும் துண்டு நான்கு முறை வரும். துண்டுகளுக்கிடையே ஒவ்வொரு ‘வ’. சதுரக் கோடிட்ட தாளில் மாணவர் இதனைத் தாமே வரைந்து பார்க்க வேண்டும். கிழக்கு நோக்கித் தொடங்குக. ஓரடி கிழக்கு, மூன்றடி தெற்கு, ஓரடி மேற்கு. திரும்பி ஓரடி வடக்கு, மூன்றடி கிழக்கு, ஓரடி தெற்கு. ஓரடி மேற்கு, மூன்றடி வடக்கு, ஓரடி கிழக்கு. ஓரடி தெற்கு, மூன்றடி மேற்கு, ஓரடி வடக்கு. இருபதாவது அடியிற் சரியாகத் தொடங்கிய இடத்தில் நிற்பீர்கள். மூலைகளில் நான்கு சிறு சதுரங்களும் நடுவில் ஒன்றும் அடைபட்டிருக்கும். தாளை நாற்பத்தைந்து பாகை சாய்த்துப் பிடித்து, ஐந்து சதுரங்களிலும் புள்ளி வைத்து, கூரிய முனைகளை வளைத்துவிட்டால், என் தாயார் நடைவழியிற் போட்ட கோலம் அது.

அடிகளைப் புள்ளிகளால் வகுத்துப் பாருங்கள். இருபதடி, ஐந்து புள்ளி: ஒவ்வொரு புள்ளியையும் நாலடி சுற்றுகிறது. மூன்றாந் தலைமுறையில் 84 அடி, 21 புள்ளி. நான்காவதில் 340 அடி, 85 புள்ளி. ஏன் 21? ஐந்து புள்ளிக் கோலங்கள் நான்கு, திசைக்கொன்றாக நின்று, நடுவில் ஒரு புள்ளியைப் பற்றிக்கொள்கின்றன. ஐந்து புள்ளிக் கோலமும் அதற்கு முன்னர் அவ்வாறே, ஒற்றைப் புள்ளிகள் நான்கும் நடுவில் ஒன்றுமாகப் பிறந்தது. எத்தனை தலைமுறை சென்றாலும் கம்பி ஒன்றேயாகும். ஆய்வு நூல்களிற் கண்ணனின் காற்சிலம்பு என்னும் பொருள்படும் பெயரால் இக்கோலம் வழங்குகின்றது.

விதைகள் அனைத்தும் ஒரே காலத்தில் முளைக்கும் இம்முறைக்கு வேறோர் ஊற்றும் உண்டு. அரிஸ்டிட் லிண்டன்மயர் என்னும் அங்கேரிய உயிரியலறிஞர், பாசியின் கலங்கள் பிரிந்து வளர்வதை விளக்குவதற்காக 1968-இல் இதனை வகுத்தார். செடி கொடிகளைக் கணினியில் வரைவதற்கு இன்றும் அது பயன்படுகின்றது. பாசிக்கும் பொங்கற் கோலத்திற்கும் ஒரே இலக்கணம் பொருந்துவது எனக்கு இன்றும் வியப்பாகவே உள்ளது.

மருமகன் அன்றிரவே எழுதி முடித்தான். முதலில் அவனுடைய ஆமை திரைக்கு வெளியே போய்விட்டது. விதைகளை ஒவ்வொன்றாக, இடப்புறமிருந்து முளைக்கவைத்ததில், புதிதாகப் பிறந்த விதையையும் அதே தலைமுறையில் மீண்டும் முளைக்கவைத்துவிட்டான். பழைய தொடரைப் படித்துப் புதிய தொடரை வேறிடத்தில் எழுத வேண்டும் என்பது தெரிந்தபின் கோலம் நேராயிற்று. இப்பிழை மாணவர் பெரும்பாலார்க்கும் நேர்வது. ஐந்து புள்ளிக் கோலம் திரையில் வந்ததும் அம்மம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

அவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டு, “இது சரி. ஆனால் எல்லாக் கோலமும் ஒரு கம்பியில் வராது தம்பி. நாலுக்கு நாலு புள்ளி வைச்சுப் பார். நாலு கம்பி வரும். மூண்டுக்கு நாலு வைச்சால் ஒண்டுதான்” என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டோம். “போட்டால் தெரியும்” என்பதே விடை.

போடாமலும் அறியலாம். சதுர வரிசையில் வைத்த புள்ளிகளைச் சுற்றி, அடுத்தடுத்த புள்ளிகளுக்கிடையே ஒவ்வொரு முறையும் குறுக்கே வெட்டிச் செல்லும் எளிய கம்பியை எடுத்துக்கொள்வோம். அது சாய்வாகச் சென்று, ஓரத்தில் மோதி, கண்ணாடியிற் பட்ட ஒளிக்கதிர்போலத் திரும்பும். புள்ளி ஒன்றைச் சுற்றி நான்கு சிறு துண்டுகள். மூன்றுக்கு நான்கு என்றாற் புள்ளி 12, துண்டு 48. கம்பி அகலப் போக்கில் ஒருமுறை போய் மீளப் பன்னிரண்டு துண்டு வேண்டும். நீளப் போக்கிற் பதினாறு. இரண்டும் ஒருங்கே நிறைவது 48-இல். இருக்கும் துண்டு அத்தனையும் ஒரே கம்பியில் அடங்கிவிட்டன. நாலுக்கு நாலில் துண்டு 64. ஆனால் அகலமும் நீளமும் பதினாறிலேயே ஒருங்கே நிறைகின்றன. ஆகவே பதினாறு துண்டுள்ள கம்பிகள் நான்கு. ஆறுக்கு நான்கில் துண்டு 96. அகலத்திற்கு 24, நீளத்திற்கு 16, இரண்டும் நிறைவது 48-இல். ஆதலாற் கம்பி இரண்டு. சுருங்கச் சொன்னால், இரு பக்கப் புள்ளித்தொகைகளின் பொதுக் காரணிகளுட் பெரியது எதுவோ, அதுவே கம்பிகளின் தொகை. அதனைக் காண யூக்கிளிட்டு சுமார் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த படிமுறையே, இன்றும் கணினி மாணவன் முதலில் எழுதிப் பழகும் செய்நிரல்களுள் ஒன்று.

ஆபிரிக்காவில், அங்கோலா நாட்டுச் சொக்குவே மக்கள் மணலிற் புள்ளி வைத்து, கதை சொல்லிக்கொண்டே விரலாற் கோடிழுப்பர். பவுலஸ் கேர்டஸ் என்னும் கணிதவறிஞர் அவற்றை ஆராய்ந்து, தமிழர் கோலத்தோடும் ஒப்பிட்டு எழுதினார். அங்கும் இதே காரணிக் கணக்கு விளங்குகின்றது. ஒன்றை மற்றொன்று பார்த்துச் செய்ததென்று கொள்ள வேண்டியதில்லை. புள்ளியும் கம்பியும் இருந்தால் இக்கணக்கு வந்தே தீரும்.

மருமகன் விடவில்லை. “அம்மம்மா, நாலுக்கு நாலை ஒரே கம்பியாக்க ஏலாதோ?” என்று கேட்டான். அவர் சிறிது யோசித்துவிட்டு, தாளில் மூன்றிடங்களில் விரல் வைத்தார். அவ்விடங்களிற் குறுக்கே வெட்டாமல், வந்த வழியை ஒட்டி வளைத்துத் திருப்பிவிடச் சொன்னார். செய்து பார்த்தோம். நான்கு கம்பியும் ஒன்றாயின.

இதற்கும் காரணம் உண்டு. இரண்டு வேறு கம்பிகள் வெட்டும் இடத்தில் வெட்டை நீக்கி வளைத்துவிட்டால், அவ்விரண்டும் ஒன்றாய் இணையும். நான்கை ஒன்றாக்க மூன்று இணைப்புப் போதும். ஆனால் ஒரே கம்பி தன்னைத்தானே வெட்டும் இடத்திற் கைவைத்தால், சிலவேளை அது இரண்டாய்ப் பிரிந்துவிடும். எனவே ஒவ்வொரு முறையும், இவ்வெட்டு வேறு கம்பிகளுக்கிடையேயுள்ளதா என்று செய்நிரல் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் கம்பியின் இலக்கத்தைக் குறித்து, இணையுந்தோறும் இலக்கத்தை ஒன்றாக்கிக்கொண்டு போவது ஒரு வழி. நூறு புள்ளிக் கோலமானாலும் ஒரு நொடியில் முடியும்.

அவ்வாறே எழுதினான். கணினி தேர்ந்தெடுத்த மூன்றிடங்களும் சரியானவை, கம்பியும் ஒன்றாயிற்று. ஆனால் திரையைப் பார்த்த என் தாயார் முகஞ் சுளித்தார். கணினி, முதலில் அகப்பட்ட மூன்று வெட்டுகளையும் ஒரே மூலையிலிருந்து எடுத்திருந்தது. கோலத்தின் ஒரு பக்கம் மட்டும் சப்பையாய்க் கிடந்தது. “ஒரு கம்பிதான். ஆனால் வாசலிலை போட ஏலாது” என்றார். தாம் காட்டிய மூன்றிடங்களை மறுபடி தொட்டுக் காட்டினார். நடுவில் ஒன்றும், அதற்கு இருபுறமும் ஒத்த தூரத்தில் இரண்டுமாக அவை இருந்தன. அதுவும் முழுச் சமச்சீர் அன்று என்றும், நான்கு பக்கமும் ஒத்த அழகு வேண்டுமானால் நான்கு கம்பியோடு விட்டுவிடுவதே நல்லது என்றும், தம் தாயார் அவ்வாறே விடுவார் என்றும் சொன்னார். நாலுபுறமும் ஒத்த கோலங்கள் பலவற்றிற் கம்பிகள் பலவாக இருப்பதன் காரணம் அப்பொழுதே எனக்கும் விளங்கியது. அழகும் ஒருமையும் இவ்விடத்தில் ஒன்றோடொன்று பொருதுகின்றன. எதனை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதற்குக் கணக்கிடும் விதி எம்மிடம் இல்லை.

செயற்றிட்டத்திற்கு அவன் விண்ணப்பம் கொடுத்தான்: பலகம்பிக் கோலத்தை, சமச்சீர் இயன்றவரை கெடாமல், ஒருகம்பிக் கோலமாக்குதல். முதன்முறை திருப்பி அனுப்பப்பட்டது. பயன் யாதென்று எழுதவில்லையாம். இரண்டாம் முறை, மின்சுற்றுப் பலகையிற் கம்பிகள் செல்லும் வழி வகுப்பதிலும் வெட்டுகளைக் கவனிக்க வேண்டியுள்ளது என்று இரண்டு பந்தி சேர்த்துக் கொடுத்தான், ஏற்றுக்கொள்ளப்பட்டது. தங்கை அதன்பின் கொப்பியைப்பற்றி ஒன்றும் சொல்வதில்லை. கோலத்தின் அழகை எண்ணால் அளக்கும் பகுதி இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் பத்துக் கோலங்களை அச்சிட்டு மட்டக்குளிக்குக் கொண்டுவருகின்றான். என் தாயார் அவற்றைத் தரையிற் பரப்பி, வாசலிற் போடத் தக்கவை ஒரு கட்டாகவும் தகாதவை மற்றொரு கட்டாகவும் பிரித்து வைக்கின்றார். சென்ற கிழமை முதற் கட்டில் மூன்று இருந்தன.